சிவக்காத உலோகம்

இன்னும் கேட்கவில்லை. கேட்பாள். டீயைக் குடித்து முடிக்கட்டும் என்று இருக்கிறாள். தம்ளரைக் கீழே வைக்கக் குனியும்போது, முகம் தெரியாதபடி, போகிறபோக்கில் கேட்பதுபோலக் கேட்பாள். கேட்கட்டும். என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். நான் என்ன சொல்வேன் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்பாள். கேட்டுப் பார்க்காமலே விட்டுக்கொடுக்கிற ரத்தம் எங்கள் வீட்டில் யாருக்கும் ஓடவில்லை.

இப்படி நினைத்தபடி ஓவனுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள் அவள். ஓவன் என்பது ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு அலமாரி, அவ்வளவுதான். கதவுக்கு மேலே சூட்டைக் காட்டும் எண்கள், எண்களுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு. உள்ளே சூடு இம்மி குறைந்தால் விளக்கு எரியும், நிறைந்தால் அணையும். காலையிலிருந்து அது எரிவதும் அணைவதுமாக இருந்தது. அதற்குள்ளே ஒரு பந்தயச் சக்கர நாற்காலியின் ஃபிரேம் தொங்கிக்கொண்டிருந்தது. சக்கரம் இல்லை, இருக்கை இல்லை, வெறும் அலுமினியக் குழாய்கள். முன்னால் கொக்கின் கழுத்துபோல நீண்ட ஒற்றைக் குழாய், பின்னால் ஒருத்தி மடங்கி உட்காருகிற அளவுக்கு ஒரு கூடு.

அந்த ஒருத்தி, அவளுடைய தங்கையின் மகள், பட்டறை வாசலில் தன் தினசரி நாற்காலியில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். பட்டறையில் அவளுக்கு ராட்டினம் என்று பெயர். சின்ன வயதில், நாற்காலி வந்த முதல் நாளே, சிமென்ட் தரையில் ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறுசக்கரத்தைத் தள்ளிச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து பெரியம்மாவின் கணவர் வைத்த பெயர். வைத்தவர் அந்தப் பட்டறையின் வெல்டர். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. "என் ஒட்டு எது விட்டிருக்கு?" என்பார் கேட்டால்.

பட்டறை சிறியது. சைக்கிள் ஃபிரேம், ஏணி, மருத்துவமனைக்கான நாற்காலி என்று அலுமினியத்தில் எது கேட்டாலும் செய்து கொடுப்பார்கள். கணவர் முன் கூடத்தில் குழாய்களை ஒட்டுவார். ஒட்டியதைச் சூடேற்றிப் பலமேற்றும் பின் கூடம் அவளுடையது. அங்கே பெரிய ஃபர்னஸ், அதன் காலடியில் தண்ணீர்த் தொட்டி, சுவரோரம் இந்த ஓவன். உலோகவியல் டிப்ளமா முடித்த கையோடு அங்கே வந்தவள், மூன்று முதலாளிகளைப் பார்த்துவிட்டாள். வேலையாட்கள் அவளை அனலக்கா என்பார்கள். கணவர் மட்டும், வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால், "எனக்குக் கல்யாணம் ஆகும்போதே இவளுக்கு மூத்த வீட்டுக்காரர் ஒருத்தர் இருந்தார். பெரிய ஃபர்னஸ். அவர் சாப்பிட்டப்புறம்தான் எனக்குச் சாப்பாடு" என்று அறிமுகப்படுத்துவார்.

அவளுக்கு அந்த வேலையில் இருந்த பெருமையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் புரியாது என்பதும் ஒரு காரணம். இரும்பு வேலை செய்கிறவனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இரும்பு சூடேறினால் சிவக்கும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். தண்ணீரில் முக்கினால் சுர்ரென்று அலறி, எடுக்கும்போது கல்லாகி இருக்கும். எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற வித்தை. அலுமினியம் சிவப்பதே இல்லை. கை பட்டால் எலும்பு வரை வேகும் சூட்டிலும் கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோலவே வெள்ளையாக, ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். அதற்கும் மேல், தண்ணீரில் முக்கினால் அது இறுகுவதில்லை, இளகுகிறது. முக்கி எடுத்த குழாயைக் கையால் வளைத்துவிடலாம். அப்புறம்தான், யாரும் பார்க்காதபோது, தனக்குள்ளே மெல்ல மெல்ல இறுகும். இந்த ஓவனின் மிதமான சூட்டில் ஒரு பகல் முழுக்க வைத்தால் முழுதாக இறுகும். அந்தப் பகலில் வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. காலையில் வைத்ததும் மாலையில் எடுப்பதும் பார்வைக்கு ஒன்றுதான். வெளியே காட்டிக்கொள்ளாமல் பலப்படுகிற அந்தக் குணத்துக்காகவே அவளுக்கு அந்த உலோகத்தைப் பிடித்துப்போனது. தன்னைப் பற்றியும் அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், நேற்று வரை.

ராட்டினத்தின் பழைய பந்தய நாற்காலி, அவள் பயிற்சிக்குப் போகிற கிளப் வழியாக யாரிடமிருந்தோ வந்தது. போன பருவத்தில், கடைசி வளைவில், எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது முறிந்தது. முழங்கை எலும்பு தெரிய விழுந்தாள். முறிந்த ஃபிரேமைக் கணவர் தூக்கி வந்து மேசையில் வைத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "ஒட்டு விடல பாரு. ஒட்டுக்குப் பக்கத்துல விட்டிருக்கு" என்றார். ஒட்டியவன்மேல் குற்றம் இல்லை என்ற நிம்மதி அவர் குரலில் இருந்தது. அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வெல்டிங் சூடு ஒட்டின் இரு பக்கமும் குழாயின் பலத்தைத் தின்றுவிடும். மறுபடி ஃபர்னஸில் ஏற்றி, தண்ணீரில் இறக்கி, ஓவனில் வைத்து அந்தப் பலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். யாரோ கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள். "நாம செய்வோம்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. கணவர் ராட்டினத்தை மேசைமேல் உட்காரவைத்து, சட்டை தைக்கிறவர்போல இடுப்பு, தொடை, கை நீளம் எல்லாம் அளந்தார்.

அந்தப் புது ஃபிரேம் இன்று காலையே முடிந்திருக்க வேண்டியது.

நேற்று அதைப் பெரிய ஃபர்னஸிலிருந்து எடுக்கிற நேரத்துக்கு ராட்டினத்தின் பயிற்சியாளர் வந்திருந்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். எப்போதும் சிரித்த முகம், எப்போதும் கையில் போன். கிளப் சுவரில் ஒட்டப் படம் வேண்டும் என்றார்.

"நம்ம பொண்ணோட வண்டி எப்படிப் பொறந்துச்சுன்னு நாலு பேர் பாக்கட்டும்க்கா. பெரியம்மாவே செஞ்சதுன்னு போடறேன்."

"என் படம் எதுக்கு? ஃபிரேமை எடுங்க."

"நீங்க இல்லாம ஃபிரேம் தானா நடந்து வருமா?"

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைத்தான் நேற்றிரவு முழுக்க அவளால் மன்னிக்க முடியவில்லை.

ஃபர்னஸ் கதவைத் திறந்து, கொக்கியில் தொங்கும் பொருளை இழுத்து, தொட்டிக்கு நேராகக் கொண்டுவந்து இறக்க வேண்டும். காற்றில் நிற்கக் கூடாது. இதற்கு அவளிடம் கடிகாரம் கிடையாது. கதவின் பிடியில் கை வைக்கும்போது மூச்சை இழுப்பாள். தண்ணீர் சீறுகிற சத்தம் கேட்ட பிறகுதான் விடுவாள். அத்தனை வருடத்தில் அவளுடைய அளவு அதுதான். கூட வேலை செய்கிறவர்கள்கூட அந்த நேரத்தில் பேச மாட்டார்கள், அனலக்கா மூச்சுப் பிடித்திருக்கிறாள் என்று.

நேற்று அவள் கதவைத் திறந்தாள், இழுத்தாள். ஃபிரேம் வெள்ளை வெளேரென்று காற்றில் ஆடியது. மாஸ்டர் போனைத் தாழ்த்தி, "என்னங்கக்கா, செவக்கவே இல்ல?" என்றார். பொம்மை கேட்டு வாட்ச் கிடைத்த குழந்தையின் குரல். அப்புறம், "சரி, சரி, அப்படியே ஒரு செகண்ட். இங்க பாருங்க" என்றார்.

அவள் பார்த்தாள்.

ஒருவரும் படம் எடுக்காத வேலை அது. சிவக்காத உலோகத்தை யார் படம் எடுப்பார்கள்? பக்கத்துப் பட்டறையில் இரும்பு அடிப்பவனின் படம் காலண்டரில்கூட வந்தது. அவள் கொக்கியைப் பிடித்தபடி கழுத்தைத் திருப்பி, பார்த்து, அந்த ஒரு கணத்தில், ஆமாம், நான்தான் செய்தேன் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே மூச்சை விட்டாள். ஃபிரேம் இன்னும் காற்றில் இருந்தது. மறுமூச்சு இழுத்த பிறகுதான் தண்ணீர் சீறியது.

அது சின்ன விஷயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கணவர் நிமிர்த்திக் கொடுத்ததை ஓவனில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். சாப்பிட்டாள். மாஸ்டர் அனுப்பிய படத்தைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. நெற்றியில் வியர்வை, முகத்தில் அவளே அதுவரை பார்த்திராத ஒரு நிமிர்வு. படுத்தபோது அந்த மூச்சு மறுபடி வந்தது. குழாய்களின் சுவர் மெல்லியது. காற்றிலேயே ஆறத் தொடங்கியிருக்கும். அலுமினியத்தோடு கலந்து கரைந்திருந்த மற்ற பொருள்களெல்லாம் பொடிப்பொடியாகப் பரவி நிற்பதற்கு முன்பே, கிடைத்த ஓரத்தில் கட்டி கட்டியாய் ஒதுங்கியிருக்கும். ஒதுங்கியது ஒதுங்கியதுதான். அதற்கப்புறம் ஓவனில் எத்தனை நேரம் வைத்தாலும் குழாய்க்குள்ளே பிடிமானம் தர மிச்சம் ஒன்றும் இருக்காது. நேற்றே, அந்த இடத்திலேயே, "தப்பாயிடுச்சு, மறுபடி ஏத்தணும்" என்று சொல்லியிருந்தால் இன்று காலை ஃபிரேம் தயாராக இருந்திருக்கும். சொல்ல வாய் வரவில்லை. அனலக்காவுக்குத் தப்பாகுமா?

காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்தாள். ஃபிரேமோடு சேர்த்துத் தொங்கவிட்ட அதே குழாயின் துண்டு ஒன்று இருக்கும். அதை எந்திரத்தில் வைத்துக் கூர்மையான முனையால் அழுத்தினால், எவ்வளவு பள்ளம் விழுகிறது என்பதை வைத்துக் கடினம் தெரியும். அந்தத் துண்டை எடுப்பதற்கு முன்பே, பெரிய ஃபர்னஸின் சுவிட்சைப் போட்டுவிட்டிருந்தாள். அதைக் கவனித்தபோதுதான், எண் என்ன வரும் என்று தனக்கு இரவே தெரியும் என்பதை ஒப்புக்கொண்டாள்.

எண் குறைந்துதான் இருந்தது. அதிகமில்லை, கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம்தான் அவளைக் கலவரப்படுத்தியது. ரொம்பக் குறைந்திருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

தங்கையும் ராட்டினமும் சக்கரங்களைப் பையில் கட்டிக்கொண்டு சிரித்தபடி வந்து இறங்கினார்கள். தேர்வுப் பந்தயம் நாளை, தூரத்து ஊரில். இதில் ஜெயிக்கிறவர்கள்தான் நாட்டுக்காக ஓடுவார்கள். கிளப்பின் வேன் மதியம் கிளம்புகிறது. நாளைக் காலை, ஓட்டத்துக்கு முன்னால், மைதானத்தில் நாற்காலிகளைச் சோதிப்பார்கள்.

"நேத்து காத்துல நின்னுடுச்சு" என்றாள் அவள், யாரும் கேட்பதற்கு முன்பே. "நான்தான் நிறுத்தினேன். இது வேணாம். மறுபடி செய்யணும்."

தங்கைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது. "மறுபடின்னா? எப்ப முடியும்?"

"சாயங்காலம்."

"வேன் மத்தியானம்க்கா."

"தெரியும்."

"தெரிஞ்சு நிதானமா நின்னு சொல்றே பாரு." தங்கை ஃபிரேமைத் தொட்டுத் தடவினாள். "எங்க இருக்கு குறை? எனக்குக் காட்டு. கண்ணுக்குத் தெரியாத குறைக்கு என் பொண்ணு வீட்ல உக்காரணுமா? நீ அன்னைக்கும் இப்படித்தான். கல்லு."

அன்றைக்கு என்று தங்கை சொன்னது, ராட்டினத்தின் பள்ளிக்கூட வாசலில் சரிவுப் பாதை கட்டிய நாளை. குழந்தை பாதியில் திணறி நின்றது, சக்கரம் பின்னால் வழுக்கியது. தள்ளப் பாய்ந்த தங்கையின் கையைப் பிடித்து நிறுத்தியவள் அவள்தான். "இரு" என்றாள். குழந்தை திரும்பிப் பார்த்தது. யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் பல்லைக் கடித்தது. மேலே போய்ச் சேர்ந்ததும் அழவில்லை. நேராக வகுப்புக்குள் போய்விட்டது, ஒருவரையும் திரும்பிப் பார்க்காமல். அந்தத் திரும்பிப் பார்க்காத கழுத்தை நினைத்து அவள் எத்தனையோ நாள் தனக்குள் சிரித்திருக்கிறாள்.

கணவர் முகமூடியைத் தூக்கி மேலே விட்டபடி வந்து, ஃபிரேமைத் தோளில் எடுத்து, ஃபர்னஸ் கொக்கியில் மாட்டினார். போகும்போது அவள் காதோரம், "ஃபோட்டோ நல்லாத்தான் இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். திட்டா, ஆறுதலா என்று பிரித்துப் பார்க்க முடியாத ஒன்றை, வேலை மும்முரத்தில் போகிறபோக்கில் வீசிவிட்டுப் போவது அவர் வழக்கம்.

இரண்டாம் முறை மூச்சு விடவில்லை. தண்ணீர் சீறியது. கூடம் முழுக்க ஆவி.

ஃபிரேம் தொட்டியிலிருந்து லேசாக முறுக்கிக்கொண்டுதான் வரும். இளக்கம் இருக்கும்போதே நிமிர்த்திவிட வேண்டும். சிறிது நேரம் போனாலே முரண்டு பிடிக்கத் தொடங்கிவிடும். மேசையில் முளைகளுக்கு நடுவே கிடத்தி, நூல் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த கணவரிடம் ராட்டினம் உருட்டிக்கொண்டு வந்தாள்.

"நான் பிடிக்கறேன் பெரியப்பா."

"பிடி. அந்த முனையை. மெதுவா. இது இப்ப பச்சக் குழந்தை."

ராட்டினம் இரு கையாலும் முன்குழாயைப் பிடித்து அமுக்கினாள். சக்கரம் தள்ளித் தள்ளி மரக்கட்டை மாதிரி ஆன கைகள். குழாய் சத்தமில்லாமல் வளைந்துகொடுத்தது. அவள் சட்டென்று கையை எடுத்தாள்.

"என்ன பெரிம்மா இது? வெண்ணெய் மாதிரி இருக்கு!"

"அதான் சொன்னேன்ல."

"இதுலயா நான் ஓடப்போறேன்?"

"இதுல இல்ல. சாயங்காலம் வெளிய வரும்ல, அதுல."

ராட்டினம் மறுபடி கையை வைத்தாள், இந்த முறை பயந்து பயந்து. நூல் நேரானது. கணவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "ம்" என்றார். அவர் "ம்" சொன்னால் அதற்கு மேல் நேராக எதுவும் இருக்க முடியாது. ஃபிரேம் ஓவனுக்குள் போனது. கதவு மூடியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

அதிலிருந்து அவள் ஸ்டூலை விட்டு எழவில்லை. தங்கை வெளியே போய் யாருக்கோ போன் போட்டுப் போட்டு வந்தாள். வேறு நாற்காலி கிடைக்குமா என்று கேட்டிருப்பாள். கிடைத்தாலும் ஆகாது. பந்தய நாற்காலி செருப்பு மாதிரி. அடுத்தவர் அளவில் ஓட முடியாது. கணவர் பட்டறையின் பழைய லோடு வண்டியை வாசலில் நிறுத்தி அதன் அடியில் படுத்திருந்தார். சாயங்காலம் ஃபிரேமை எடுத்ததும் சக்கரத்தைப் பூட்டி, அந்த வண்டியில் ஏற்றி, விடிவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்பது அவர் கணக்கு. அந்த வண்டி நகரத்து எல்லையைத் தாண்டி நாளாயிற்று. இன்ஜின் ஒருமுறை இருமிவிட்டு அணைந்தது. வெளியிலிருந்து ஸ்பேனர் விழும் சத்தமும், அதைத் தொடர்ந்து அவருடைய பொதுவான வசவும் கேட்டன.

வேன் வந்து ஹாரன் அடித்தது. மாஸ்டர் உள்ளே வந்தார். இன்று போனைப் பைக்குள் வைத்திருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லாமல் அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அக்கா, என்னாலதான் இது. நான் அந்த ஃபோட்டோவைக் கேக்காம இருந்திருந்தா..."

"நீங்க கேட்டீங்க. நான்தான் நின்னேன்."

"சரி, அதை விடுங்க. ஒண்ணு கேக்கறேன். சூட்டைக் கொஞ்சம் ஏத்தி வச்சா சீக்கிரம் முடியாதா?"

"முடியும். பலம் உச்சிக்குச் சீக்கிரம் ஏறும், அதே வேகத்துல அந்தப் பக்கம் இறங்கிடும். இதுல மெல்லிசுக் குழாயும் இருக்கு, தடிச்ச இடமும் இருக்கு. தடிச்சது ஏறி வர்றதுக்குள்ள மெல்லிசு தளர்ந்துபோயிடும். இந்தப் பழைய ஓவனை நம்பி அந்த விளையாட்டு விளையாட மாட்டேன்."

"இப்பவே கொண்டுபோயிட்டா? அங்க போய் வெயில்ல வச்சா தானா இறுகாதா?"

"இறுகும். அரைகுறையா."

மாஸ்டர் தங்கையைப் பார்த்தார். தங்கை ஓவன் கதவைப் பார்த்தாள். ராட்டினம் வாசலிலிருந்து, "மாஸ்டர், அம்மாவைக் கூட்டிட்டு வேன்ல போய் உக்காருங்க. வந்துடறேன்" என்றாள். தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அம்மா. போ."

அவர்கள் போனார்கள்.

ராட்டினம் டீயைக் குடித்து முடித்தாள். தம்ளரைத் தரையில் வைக்கக் குனிந்தாள்.

"பெரிம்மா."

"ம்."

"பாதி நேரம் ஆயிடுச்சுல்ல?"

"ஆகப்போகுது."

"அப்ப எவ்ளோ பலம் வந்திருக்கும்?"

பொய் சொல்லலாம். ஒன்றுமே வந்திருக்காது, வெண்ணெய்தான் என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடியும். ஆனால் அந்தப் பெண்ணிடம் அவள் அதுவரை பொய் சொன்னதில்லை. "முக்காவாசி வந்திருக்கும். ஆரம்பத்துல வேகமா ஏறும். கடைசிக் காவாசிதான் நேரம் எடுக்கும்."

"போன தடவ முறிஞ்சுதே, அதுல எவ்ளோ இருந்திருக்கும்?"

"அந்த ஒட்டுக்குப் பக்கத்துலயா? பாதி இருந்தா ஜாஸ்தி."

ராட்டினம் நிமிர்ந்தாள். கண்ணில் அந்தப் பள்ளிக்கூடச் சரிவின் வெளிச்சம். "பாதிலயே கடைசி வளைவு வரைக்கும் எல்லாரையும் பின்னால விட்டுட்டு வந்தேன். முக்காவாசி குடுத்தா கோட்டத் தாண்டிட மாட்டேனா?"

அந்தக் கேள்வியின் அழகு அவளைப் பிடித்துக்கொண்டது. எந்த வக்கீல் இப்படிக் கேட்பான்? தாண்டிவிடுவாள். பத்தில் ஒன்பது தடவை தாண்டிவிடுவாள். அதுவும் அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கைகளை, அந்தக் கழுத்தை, கேட்கிற கேள்வியிலேயே ஓடிக்கொண்டிருக்கிற இந்தப் பெண்ணை, எழுந்து போய் வேனில் இருப்பவர்களையெல்லாம் கூப்பிட்டு, பாருங்கள், எங்கள் பெண் என்று காட்ட வேண்டும்போல இருந்தது. அந்த ஆசை வந்ததும் அதை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. நேற்று கழுத்தைத் திருப்பி மாஸ்டரைப் பார்க்கவைத்ததும் இதே ஆசைதான். அவள் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

"தப்பு பண்ணது நீங்க" என்றாள் ராட்டினம், குரலை உயர்த்தாமல். "ஓட்டம் போறது எனக்கு."

"ஆமா."

"அவ்ளோதானா? ஆமாவா?"

"வேற என்ன சொல்றது? ஆமா."

வேன் மறுபடி ஹாரன் அடித்தது. நீளமாக. ராட்டினம் சக்கரங்களைத் தள்ளி, ஸ்டூலுக்கு முழங்கால் இடிக்கிற அளவு பக்கத்தில் வந்து நின்றாள். பெரியம்மாவின் மடியில் ஓவன் கையுறைகள் கிடந்தன. முழங்கை வரை வருகிற, நுனி கருகிய, தடித்த கையுறைகள். ராட்டினம் உள்ளங்கையை மேலே காட்டிக் கையை நீட்டினாள். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.

"நீங்க திறக்க வேணாம் பெரிம்மா. உங்க பேருக்கு ஒண்ணும் வராது. அதைக் குடுங்க. நானே திறந்துக்கறேன்."

பெரியம்மா கையுறைகளை எடுத்தாள். ஒன்றின் உள்ளே மடங்கியிருந்த விரலை ஊதி நிமிர்த்தி, தன் வலது கையில் மாட்டினாள். இடது கையிலும் மாட்டினாள். ராட்டினத்தின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. ஓவன் கதவைப் பார்த்து நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் உருட்டி, திறப்பதற்கு வழிவிட்டாள்.

பெரியம்மா கையுறை மாட்டிய கைகள் இரண்டையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வெளியே லோடு வண்டி இருமியது, அணைந்தது, மறுபடி இருமியது. ராட்டினம் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. இருவருக்கும் மேலே, சிவப்பு விளக்கு அணைந்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி எரிந்தது.